வராத பல்லுக்கு நான் கொடுத்த வாக்கு

சைக்கிள் பழகுகிறவன் கீழே விழுந்தால் அவனுடைய முழங்கால்தான் தேயும். நம் தொழிலில் நாம் பழகும்போது போவதெல்லாம் அடுத்தவர் பல். கோணல் பல்லை நேராக்கும் படிப்பை முடித்துவிட்டுப் புதிதாகக் கிளினிக் போட்டிருக்கும் தம்பி தங்கைகள் இதை மறக்காமல் இருந்தால், கீழே நான் எழுதப்போவதைப் படிக்காமலே விட்டுவிடலாம். மறக்கத்தான் போகிறீர்கள். நானும் மறந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மதுரை மாசி வீதிகளில் ஒன்றை ஒட்டிய சந்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் என் கிளினிக். போர்டில் பெயரைவிடப் பட்டங்கள் பெரிய எழுத்தில் இருக்கும். படியேறி வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "டாக்டர் எப்ப வருவாரு பாப்பா?" என்று கேட்பார்கள். நான் குள்ளம், ஒல்லி, அதிலும் பெண். இந்த மூன்றையும் ஈடுகட்ட ஒரே வழி, யாரிடமும் எதையும் கேட்காமல் இருப்பது என்று முடிவு செய்திருந்தேன். கேள்வி கேட்டால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்கள் அல்லவா? அதனால் நோயாளியின் வாயைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு சொல்லிவிடுவேன். எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு. அறிவு எண்பதுக்குரியது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒச்சு என்பவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒச்சுவுக்கு மாட்டுச் சந்தையில் தரகு வேலை. மகன் காசிமாயனுக்குப் பதின்மூன்று வயது. மேல்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, திரும்பி நின்றன. அழகுக்காக அவர்கள் வரவில்லை. அந்த ஊரில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பையன்களுக்குக் கண்மாய்க் கரையில் ஓட்டப் பயிற்சி கொடுத்து ராணுவத் தேர்வுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் காசிமாயனின் வாயைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ராணுவத்துல பல்லுக்கு மார்க்கு உண்டுடா. பல்லு இருந்தா மட்டும் பத்தாது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒண்ணோட ஒண்ணு சேந்து கடிச்சாத்தான் மார்க்கு. இப்பவே போய்ச் சரிபண்ணு."

அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் சொன்ன விஷயத்தை எனக்கு மூன்று வருடம் பாடமாக நடத்தியிருந்தார்கள்.

பையனைச் சாய வைத்துப் பார்த்தேன். மேலே, நடுப்பற்கள் இரண்டுக்கும் பக்கத்தில் இருக்கவேண்டிய பற்கள் இரண்டு பக்கமும் ஒடுங்கி, கூம்பாக, நெல்மணி மாதிரி இருந்தன. பிறவியிலேயே அப்படி அமைந்தவை. அட்டையில், "சிறிய பல். பிறகு பார்க்கலாம்" என்று எழுதினேன். கீழே, இரண்டு பக்கமும் கடைசிப் பால்பல் விழாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. மற்றதெல்லாம் விழுந்து முளைத்தாகிவிட்டது. இந்த இரண்டுக்கு மட்டும் போக மனமில்லை.

ஒரு பல் நெல்மணியாகப் பிறந்த வாயில், இன்னொரு பல் பிறக்காமலே போயிருக்கலாம். இரண்டும் ஒரே குடும்பத்துச் சங்கதி. இது உங்கள் முதல் வருடப் புத்தகத்திலேயே இருக்கிறது. என் புத்தகத்திலும் இருந்தது. நான் அந்தப் பக்கத்தில் அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். ஆனால் நாற்காலியில் இருந்தவனுக்கும் புத்தகத்தில் இருந்தவனுக்கும் நான் உறவு கற்பிக்கவில்லை. புதுப்பல் வர முடியாமல் இந்தப் பால்பற்கள் வழியை மறித்துக்கொண்டிருக்கின்றன, அதனால்தான் வாயெல்லாம் நெரிசல் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"இந்த ரெண்டையும் எடுத்துடலாம்" என்றேன்.

ஒச்சு முன்னால் வந்தார். "டாக்டரம்மா, இந்தக் கடவாப்பல்லு வந்து எங்க வீட்டுல..."

"அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே ஏழு பேர் இருந்தார்கள்.

எக்ஸ்ரே மெஷின் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கியது. ஃபிலிம் மேஜை டிராயரில் இருந்தது. எடுத்து, இருட்டறையில் கழுவிப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். கரண்டும் இருந்தது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் பல பேரிடம் "அந்தக் காலத்தில் வசதி ஏது?" என்று நானே சொல்லியிருக்கிறேன். வசதி கையெட்டும் தூரத்தில் இருந்தது. நான்தான் கையை நீட்டவில்லை.

பல் லேசில் வரவில்லை. விழப்போகிற பால்பல்லுக்கு வேர் இருக்காது. அடியிலிருந்து வரும் புதுப்பல் அதைக் கரைத்துவிட்டிருக்கும். தொட்டால் கையோடு வந்துவிடும். இந்த இரண்டும் என்னோடு மல்லுக்கட்டின. வியர்த்துக் கொட்ட, ஒரு வழியாக எடுத்தேன். வேர்கள் நீள நீளமாக, முனை முறியாமல், கரப்பான்பூச்சிக் கால் மாதிரி விரிந்து வந்தன. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அடியில் பல் இருந்தால் இந்த வேர் எப்படி மிஞ்சும்? எனக்கு வந்ததோ பெருமை. முறியாமல் எடுத்துவிட்டேனே! தட்டில் வைத்து வெளியே கொண்டுபோய் ஒச்சுவிடம் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "பால்பல்லுக்கு இம்புட்டு வேரா?"

"ஆமாண்ணே. முறியாம எடுத்திருக்கேன் பாருங்க."

"புதுப்பல்லு எப்ப வரும்?"

"ஆறு மாசம்."

மாதா மாதம் அப்பாவும் மகனும் பஸ் ஏறி வந்தார்கள். மேல்வரிசைக்குக் கழற்றி மாட்டும் கிளிப் ஒன்று போட்டிருந்தேன். அதைச் சரிபார்க்கத்தான் வரச் சொன்னது. பையன் நாற்காலியில் ஏறியதும் முதலில் சொல்வது இதுவாகத்தான் இருக்கும்.

"டாக்டரம்மா, இன்னும் வரலை."

"வரும்."

மூன்றாம் மாதம், "சிலருக்கு லேட்டாகும்" என்றேன். ஐந்தாம் மாதம், "காலையிலயும் ராத்திரியும் விரலால ஈறை நல்லாத் தேய்ச்சு விடு" என்றேன். சிரிக்காதீர்கள். தேய்த்தால் பல் முளைக்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஆனால் ஏதாவது சொல்ல வேண்டுமே. பையன் ஒழுங்காகத் தேய்த்தான். ஏழாம் மாதம் அவன் ஈறு சாணை பிடித்த மாதிரி பளபளவென்று இருந்தது.

பல் வரவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. காலியிடத்துக்குப் பின்னால் இருந்த கடைவாய்ப்பற்கள் மெல்ல முன்னால் சாயத் தொடங்கின. மேலே, எதிரே கடிக்கப் பல் இல்லாத பற்கள் கீழே இறங்கின. பையன் வாயை மூடினால் தாடை நேராகப் பொருந்தாமல் ஒரு பக்கமாக வழுக்கிப் போய் நின்றது. கடியைச் சரிசெய்ய வந்தவனுக்கு நான் புதிதாக ஒரு கோணல் கடியைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் மாதம் எக்ஸ்ரே எடுத்தேன். இருட்டறையில் ஈர ஃபிலிமைச் சிவப்பு விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். வலது பக்கம் எலும்பு. இடது பக்கமும் எலும்பு. புதுப்பல்லுக்கான சிறு நிழல்கூட இல்லை. அந்தப் பற்களுக்கு அவன் தாடையில் விதையே விழவில்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பால்பற்கள் இரண்டும் உட்கார்ந்திருந்தன. அவற்றைத்தான் நான் முறியாமல் எடுத்திருந்தேன்.

அவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியருக்குப் போன் செய்தேன். பெயர் வேண்டாம். பெரிய மனிதர். அவர் விரல் பட்டால் பல் தானே நகரும் என்று நாங்கள் மாணவர்களாக இருந்தபோது நம்பினோம்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "ஏம்மா, இதுக்கா இவ்வளவு பதற்றம்? பிறவிக்குறைன்னு சொல்லு. பிறவியிலேயே பல் இல்லை, கடவுள் கொடுக்கலை, நாம என்ன பண்றது? இதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

"எக்ஸ்ரேவைக் கேட்டா சார்?"

"மாட்டுத் தரகர் எக்ஸ்ரே பார்த்து என்னம்மா கண்டுபிடிக்கப் போறார்?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரியவர்கள் சொல்லும் யோசனையில் உள்ள வசதியே அதுதான். நம் கோழைத்தனத்துக்கு ஒரு முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று "பிறவிக்குறை" என்று சொல்லிப் பழகினேன். எந்த இடத்தில் தலையை ஆட்டுவது என்பதுகூடத் தயார்.

அடுத்த சனிக்கிழமை ஒச்சு வந்து உட்கார்ந்தார். பையன் நாற்காலியில். நான் ஃபிலிமைக் காட்டி, திட்டமிட்ட இடத்தில் தலையை ஆட்டிச் சொன்னேன்: "அண்ணே, இவனுக்குப் பிறவியிலேயே இந்த ரெண்டு பல்லும் இல்லை. இது பிறவிக்குறை. யாரும் ஒண்ணும் செய்ய முடியாது."

ஒச்சு ஃபிலிமைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"பெறவியிலயே இல்லைன்னா, நீங்க புடுங்குனது என்ன?"

நான் ஒத்திகை பார்த்ததில் இந்தக் கேள்வி வரவில்லை.

அவர் எழுந்து வந்து, மகன் சாய்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, தன் வாயைத் திறந்து, கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினார். விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். வெற்றிலைக் கறையோடு, கீழ்வரிசையில், இரண்டு பக்கமும் குட்டையாகத் தேய்ந்த இரண்டு பால்பற்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட மனிதரின் வாயில், ஒரு ஆட்டமும் இல்லாமல், கல் மாதிரி.

"எங்க ஆளுகளுக்கு இது விழாது டாக்டரம்மா. எங்கய்யாவுக்கும் இதே பல்லுதான். சாகுறவரைக்கும் அதுலதான் கறி கடிச்சாரு. அன்னைக்கே சொல்ல வந்தேன். வெளிய உக்காரச் சொன்னீங்க."

ஒன்பது மாதம் அந்த மனிதர் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரேயே தேவையில்லாத பதிலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சந்தையில நான் எந்த மாட்டையும் பல்லைப் புடிச்சுப் பாக்காம பேச மாட்டேன். அதோட தாய் எப்படி, ஈத்து எப்படின்னு ஓட்டிட்டு வந்தவன்கிட்ட கேக்காம கைய வைக்க மாட்டேன். அது மாடு" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருக்கலாம்.

"அண்ணே, தப்பு என்னோடதுதான்" என்றேன். "எக்ஸ்ரே எடுக்காமப் புடுங்கிட்டேன். உங்களையும் பேச விடலை. அந்தப் பல்லு இருந்திருந்தா உங்களுக்கு இருக்கிற மாதிரியே இருந்திருக்கும்." தொழிலில் நான் சொன்ன முதல் உண்மையான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

பையன்தான் கேட்டான். "அப்ப என்னையப் பட்டாளத்துல எடுக்க மாட்டாங்களா?"

ஒச்சு அவன் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். படியில் அவர்கள் இறங்கும் சத்தம் நின்றபின்னும் நான் அங்கேயே நின்றேன்.

மூன்று வாரம் கழித்துத் தனியாக வந்தார். "ரெண்டு எடத்துல காட்டினேன். ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க. சரி பண்ண முடியுமா, முடியாதா? முடியாட்டி முடியாதுன்னு சொல்லிருங்க."

"பொய்ப்பல் கட்டினா ராணுவத்துல எண்ண மாட்டாங்க அண்ணே. சாஞ்சு வந்த பல்லை நிமித்தி, முன்னால கொண்டுவந்து, அந்தக் காலியிடத்தை அவனோட சொந்தப் பல்லாலயே அடைக்கணும். மேல இறங்கின பல்லை ஏத்தணும். மூணு வருசத்துக்குக் கொறையாது. கடைசியில சேரும்னு நான் எழுதித் தர மாட்டேன்."

"அன்னைக்கு மட்டும் ஆறே மாசம்னு சொன்னீங்க."

"அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது. "வாரோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் முழுத் தாடைக்கும் எக்ஸ்ரே. எல்லாப் பல்லையும் எண்ணினேன். இருமுறை எண்ணினேன். அதன்பிறகு கம்பி போட்டேன். எப்படி நகர்த்தினேன் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. உங்களிடம் என்னிடமிருந்ததைவிட நல்ல கம்பி இருக்கிறது. சொல்ல வேண்டியது நடுவில் வந்த ஒரு நாளைப் பற்றி.

அவனுக்குப் பதினேழரை வயது முடிந்த சமயம் ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பு வந்தது. இடது பக்கம் பற்கள் சேர்ந்துவிட்டன. வலது பக்கம் தீக்குச்சி கனத்துக்கு இடைவெளி. ஒச்சுவும் ஓட்டம் சொல்லிக்கொடுத்த அந்தப் பட்டாளத்துக்காரரும் சேர்ந்து வந்தார்கள்.

"கம்பியக் கழட்டி விடுங்கம்மா" என்றார் பட்டாளத்துக்காரர். "பய ஓட்டத்துல குதிரை. இந்தத் தடவை விட்டா அடுத்த வருசம் எவன் கண்டான்?"

வெளியே பெஞ்சு அன்றும் நிறைந்திருந்தது. கழற்றிவிட்டால் என் பொறுப்பு முடிந்தது. தேறாவிட்டால் அவர்கள் கேட்டதைத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ரொம்ப வசதியான இடம் அது. நான் காசிமாயனைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கையில் கொடுத்து, அந்த இடைவெளியைக் காட்டினேன்.

"இப்பக் கழட்டினா நகர்ந்த பல்லு திரும்பப் போயிரும். ராணுவ டாக்டர் இந்தப் பக்கத்துக்கு மார்க்குப் போட மாட்டார். வயசு உனக்கு இன்னும் இருக்கு. ஒரு வருசம் பொறுத்தா சேரும்னு நினைக்கிறேன். முடிவு உன்னோடது."

அவன் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தான். பிறகு பட்டாளத்துக்காரரைப் பார்க்காமலே சொன்னான்: "கம்பி இருக்கட்டும்ணே. ஒரு தடவ அவசரப்பட்டது போதும்." அவசரப்பட்டது அவன் இல்லை. அதை அவன் சொல்லவில்லை.

அந்த ஒரு வருடம் அவன் என்னிடம் அதிகம் பேசவில்லை. வருவான், சாய்வான், போவான். கண்மாய்க் கரையில் தினமும் ஓடுவதாக ஒச்சு சொல்வார். அடுத்த ஆள் சேர்ப்புக்குக் கொஞ்ச காலம் முன்பு கம்பியைக் கழற்றி, கடித்த இடத்தில் மை ஒட்டும் நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் எல்லாப் பல்லிலும் நீலப் புள்ளி. நான்கைந்து வருடத்தில் முதல்முறையாக அவன் வாய் வழுக்காமல் மூடியது. அச்செடுத்து, பாரிஸ் சாந்தில் வார்த்து, மேஜைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். பல்வலி என்று வந்தவர்களிடம்கூட அதைக் காட்டிப் பேசினேன். அதைக் கெடுத்ததும் நான்தான் என்ற பகுதி மட்டும் என் பேச்சில் வராது.

ஆள் சேர்ப்பு முடிந்த மறுவாரம், மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் அப்பாவும் மகனும் வந்தார்கள். அவர்கள் உட்காருவதற்குள் கேட்டுவிட்டேன்.

"பல்லைப் பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?"

"டார்ச் அடிச்சுப் பாத்தாராம். கடிக்கச் சொன்னாராம், பக்கம் பக்கமா" என்றார் ஒச்சு. "ஒரு கொறையும் சொல்லலையாம்."

"பாத்தீங்களா!" நான் மேஜையைத் தட்டிச் சிரித்தேன். "நான் சொல்லலை?"

சிரித்து முடித்தபின்தான் அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை என்பது கண்ணில் பட்டது.

"பாதம் தட்டைன்னு தள்ளிட்டாங்க டாக்டரம்மா" என்றார் ஒச்சு. "தண்ணியில நனைச்சுத் தரையில வைக்கச் சொன்னாங்களாம். நடுவுல வளைவே இல்லாம முழுசாப் பதிஞ்சிருச்சாம். ஓட்டத்துல இவன்தான் மொத ஆளு. ஆனா பெறவியிலயே பாதம் அப்படியாம், ஒண்ணும் பண்ண முடியாதாம்."

காசிமாயன் மேஜையில் இருந்த தன் பல் அச்சை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தான்.

"விடுங்க டாக்டரம்மா" என்றான். "நீங்க பாஸாயிட்டீங்கள்ல."

அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். அவன் உண்மையிலேயே எனக்கு ஆறுதல் சொன்னான். பிறகு அவன் கனரக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, தேனி வழியில் ஓடும் தனியார் பஸ்ஸில் டிரைவர் ஆனான். நான் ஓய்வு பெறும் வரை வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போனான். கடி கலையவில்லை.

அன்றைக்கு அவனுக்கு நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடம் படித்த படிப்பில் எனக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. "வந்ததுதான் வந்தே, சாஞ்சுக்கோ, கடியை ஒரு தடவை பாத்துடறேன்" என்றேன்.

பாவம், சாய்ந்துகொண்டான்.